கொத்தனார் அண்ணனின் மஞ்சள் கோடுகள்

எங்கள் சபையில் சனிக்கிழமை மாலை வேதபாட (பைபிள்) வகுப்பு. நடத்துவது நான், படிக்க வருபவர்கள் எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். அதில் கொத்தனார் அண்ணன் ஒருவர், வீட்டுக்கூட்டத்தில் தாளே பார்க்காமல் அரைமணி நேரம் பிரசங்கிப்பார். பரீட்சை என்றதும், "தம்பி, மண்டையில நிக்க மாட்டேங்குது" என்றார்.

சரி, எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். புத்தகத்தைக் காட்டினார். எல்லா வரியிலும் மஞ்சள் கோடு!

இனிக் கோடு வேண்டாம் என்றேன். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை வீட்டில் அக்காவிடம் சொல்ல வேண்டும். விட்டுப்போனதை மட்டும் திரும்பப் பார்க்க வேண்டும். மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. (முதல் வாரம் அக்காதான் அவரைவிட நன்றாகப் பதில் சொன்னார்கள்.)

நினைவுக்கு உத்தி தேடுவது வேதத்திலேயே உண்டு. 119ஆம் சங்கீதம் என்ற பாடலில் 176 வசனங்கள். அதன் மூலமொழியான எபிரெயத்தின் 22 எழுத்துகளுக்கும் எட்டெட்டு வசனம், அந்தந்த எழுத்திலேயே தொடங்கும். நம் அந்தாதி மாதிரி ஒரு கைப்பிடி என்றதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

1963இல் குவாத்தமாலாவில், வேலையையும் குடும்பத்தையும் விட்டு இறையியல் கல்லூரிக்கு வர முடியாத சபை ஊழியர்களைத் தேடி ஆசிரியர்களே போனார்கள். வீட்டில் தானே படித்துவிட்டு, வாரம் ஒருமுறை கூடிப் பேசுவது. நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் தானே படிப்பது எப்படி என்று நான் முதலிலேயே சொல்லித் தந்திருக்க வேண்டும்.

போன வாரம் அண்ணன் சாரத்தில் நின்றபடி சித்தாள்களுக்குக் பைபிளில் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தை ஒப்பித்தாராம்.