கால் வீசை கூட்டினால் போதும்

ஜூன் 2

ஓவர்ஹெட் பிரஸ், அதாவது எடை மாட்டிய பாரைத் தோளிலிருந்து தலைக்கு மேலே தூக்குவது, இன்றும் 25 கிலோவிலேயே நிற்கிறது. ஐந்து ஐந்தாக மூன்று செட் ஒழுங்காக முடிகிறது. 27.5 போட்டால் இரண்டாம் செட்டிலேயே பார் நெற்றிக்கு நேராக நின்றுவிடுகிறது. பாரைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் மட்டும் தொடர்ந்து ஏறி 55க்கு வந்துவிட்டது. "இன்னும் நல்லா சாப்பிடுங்க, அமா (அக்கா)" என்கிறார் சயா, எங்கள் ஜிம் பயிற்சியாளர். சாப்பாட்டில் குறை வைக்கிற ஆளா நான்!

ஜூன் 4

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜிம்மில் இருப்பதிலேயே சின்ன பிளேட் 1.25 கிலோ. இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும், ஆக ஒரு படி 2.5 கிலோ. 55 கிலோ ஸ்குவாட்டுக்கு அது ஐந்து சதவீதம்கூட வராது. 25 கிலோ பிரஸ்ஸுக்கோ பத்து சதவீதம். தொடையும் இடுப்பும் சேர்ந்து தூக்கும்போது சின்னப் படி, தோளும் கையும் தூக்கும்போது பெரிய படி. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

பளுதூக்கும் போட்டிகளிலேயே 2005 வரை 2.5 கிலோ கணக்கில்தான் ஏற்றினார்கள். அப்புறம்தான் ஒரு கிலோ கணக்கு வந்தது. கால் கிலோ, அரை கிலோ பிளேட்டுகளும் உலகத்தில் விற்கத்தான் செய்கின்றன. யாங்கோனில் நான் கேட்ட கடைகளில் இல்லை.

ஜூன் 7

யாங்கோனின் தெய்ஞ்சி செய் சந்தையில் அப்பாவின் பருப்புக் கடை. தராசு மின்சாரத்துக்கு மாறிய பிறகு பழைய இரும்புப் படிக்கற்கள் சாக்குக்கு அடியில் கிடக்கின்றன. பர்மா கணக்கில் ஒரு வீசை 1.63 கிலோ, கால் வீசைக் கல் சுமார் 408 கிராம். ஆறு கேட்டேன்.

"இதை வச்சு என்னம்மா பண்ணப் போறே?"

"தூக்கப் போறேன்ப்பா."

"அதுக்கு ஒரு மூட்டை உளுந்தைத் தூக்கேன், கடைக்காவது உதவும்."

ஜூன் 9

கற்களைத் துணிப்பையில் போட்டுத் தொங்கவிட்டால் ஆடுகிறது. பார் ஒரு பக்கமாக இழுக்கிறது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, பாரின் முனையோடு இறுக்கிச் சுற்றியதும் அசையவில்லை. பக்கத்துக்கு ஒரு கல் என்றால் 25.8, இரண்டு என்றால் 26.6, மூன்று என்றால் ஏறத்தாழ 27.5. ஒரே படி மூன்றாகிவிட்டது.

இன்னொன்றும் தெரிந்தது. 2.5 என்று அச்சிட்ட பிளேட்டுகளைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். இரண்டுக்கு நடுவே 150 கிராமுக்கு மேல் வித்தியாசம்! மலிவு வார்ப்பிரும்பில் இது சகஜம். முழு பிளேட்டாக ஏற்றுகிறவருக்கு இது பெரிதில்லை. கால் வீசை கூட்டுகிற எனக்கு, வேறு ஜோடி மாட்டினால் கூட்டியதில் கணிசமான பங்கு கணக்கில்லாமல் போய்விடும். என் ஜோடிக்குச் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்திருக்கிறேன். பாரும் எப்போதும் அதே பார்தான்.

ஜூன் 16

25.8. மூன்று செட்டும் முடிந்தது. கூடியதே தெரியவில்லை.

ஜூன் 23

26.6இல் கடைசி செட் மூன்றோடு நின்றது. ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை, புழுக்கம், தூக்கமும் இல்லை. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உடம்பில் இருக்கும் ஏற்ற இறக்கம் 800 கிராமைவிடப் பெரிது. அதனால் ஒருநாள் தோல்வியை வைத்து எடையைக் குறைக்க மாட்டேன். அதே எடைதான் அடுத்த முறையும்.

சயா கற்களைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஜூன் 30

26.6 முழுதாக முடிந்தது.

ஜூலை 7

27.5. கற்களைக் கழற்றிவிட்டு 1.25 பிளேட்டுகளே மாட்டினேன். ஐந்து, ஐந்து, ஐந்து. கடைசியில் முதுகு கொஞ்சம் வளைந்தது, ஆனாலும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

கல் கட்டியதால் தசை வேகமாக வளர்ந்துவிடவில்லை. ஒரே எடையில் முட்டிக்கொண்டு நிற்காமல், பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற முடிந்தது, அவ்வளவுதான். ஸ்குவாட்டுக்கு இந்த வேலை தேவையே இல்லை, அதற்கு 2.5 கிலோவே சின்னது.

ஜூலை 9

பெஞ்சில் படுத்துத் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸுக்கும் கட்டிப் பார்க்கலாம் என்று போனால், சயா கற்களை ஏற்கனவே வேறொரு பெண்ணுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார். நாளைக்கு அப்பாவிடம் இன்னும் நாலு கல் கேட்க வேண்டும்.