சோற்றின் முன்னால் இரண்டு பயம்

காவிரி டெல்டாக்காரர் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காரும்போது இரண்டு குற்ற உணர்ச்சி கூடவே உட்காருகிறது. சோறு தின்றால் சர்க்கரை ஏறும், தொப்பை விழும் என்பது ஒன்று. நெல் விளைகிற மண்ணில் ஒரு பருக்கையை வீணாக்கினாலும் பாவம் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். "எனக்குக் கொஞ்சம் போதும்" என்று அரை வயிற்றோடு எழுந்துவிட்டு, பிள்ளை மிச்சம் வைத்ததையும் சட்டியின் அடியில் கிடப்பதையும் நின்றபடியே வழித்துப் போட்டுக்கொள்கிறார்கள். அதனால் வயிறு கனக்கிறதே தவிர, சாப்பிட்ட திருப்தி வருவதில்லை.

பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு ராத்திரி அள்ளித் தின்பதை மனக்கட்டுப்பாடு இல்லாத குணம் என்று திட்டாதீர்கள். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறையப் பாதி உணவே கொடுத்துப் பார்த்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் பலருக்கு எவ்வளவு தின்றும் அடங்கவில்லை. பட்டினி போட்டால் உடம்பு அப்படித்தான் கேட்கும்.

ஆகவே முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள். காலை எட்டு, மதியம் ஒன்று, ராத்திரி எட்டு. நடுவில் மாலைக் காப்பியோடு ஒரு கைப்பிடி சுண்டல். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் "நேற்று அதிகம் சாப்பிட்டேன்" என்று ஒருவேளையை விடவே கூடாது; சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அவர்களுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பரிமாறும் முறை. முதல் சுற்றிலேயே சோற்றைக் குவித்துச் சாம்பார் ஊற்றினால் ரசத்துக்கு வருவதற்குள் பசி போய்விடும். ஆனாலும் ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை வாங்குவோம், கை பழகிவிட்டது. கூட்டும் பொரியலும் ஆளுக்கு ஒரு கிண்ணம் முதலில் வைத்துவிட்டு, சுற்றுக்கு ஒரு சின்னக் கரண்டி சோறு போடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் இன்னும் பசிக்கிறதா என்று வயிற்றைக் கேளுங்கள். பசித்தால் தயங்காமல் வாங்குங்கள். வெந்த சாதம் 100 கிராமில் சுமார் 130 கலோரிதான், பயப்பட ஒன்றுமில்லை. மாப்பிள்ளைச் சம்பா மாதிரி சிவப்பரிசி பிடித்தால் ஆக்குங்கள். தண்டனையாக விழுங்க வேண்டாம்.

வீணாகும் பயத்துக்கு நம் பாட்டிகள் பானையிலேயே வழி வைத்திருக்கிறார்கள். தட்டில் குறைவாகப் போட்டால் மிச்சம் பானையில் நிற்கும். எச்சில் படாத அந்தச் சோறு சூடு ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள். காலையில் உப்பு, மோர், சின்ன வெங்காயம். சித்திரை வெயிலில் சீக்கிரம் புளிக்கும். கொழகொழத்தாலோ கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள், அதில் பாவமில்லை.

திருவையாறு அசோகா என்கிற பாசிப்பருப்பு இனிப்பை அடுப்படியில் மறைத்துத் தின்னும்போதுதான் அளவு தெரியாமல் போகிறது. சாப்பாடு முடிந்ததும் சின்னக் கிண்ணத்தில் வைத்து, உட்கார்ந்து, எல்லோரோடும் சாப்பிடுங்கள்.

தின்றதை வாந்தியெடுப்பது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது என்று போனால் அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. மருத்துவரைப் பாருங்கள், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

விருந்தில் அத்தை மறுபடி கரண்டியோடு வந்தால், "ருசியா இருக்கு அத்தை, வயிறு நிறைஞ்சிடுச்சு, மோர் மட்டும் ஊத்துங்க" என்றால் போதும். பரிமாறுகிறவரும் இலையில் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.