மூணு வெடக்கோழியும் ஒரு பால்கணக்கு காலண்டரும்

காலண்டர்ல பால் கணக்கு எழுதுற கட்டத்துக்குள்ளயே கோழிமுட்டை கணக்கையும் எழுத ஆரம்பிச்சேன் பாருங்க, அதுதான் நான் பண்ண தப்பு, எழுதாம இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்.

வைகாசியில ஈரோடு பக்கம் ஒரு சந்தையில ஒரு மாசக் குஞ்சா வாங்கினது மூணும். கருப்பி, செவலை, புள்ளி. முதல் முட்டைக்கு வர்ற இளங்கோழியைத்தான் வெடக்கோழிம்பாங்க. நாலரை மாசம் காத்திருந்து, வீட்ல யாரும் முட்டையைத் தொடாத புரட்டாசி மாசமா பாத்து கருப்பி முதல் முட்டை வெச்சுது. எலுமிச்சம்பழத்தை விட கொஞ்சம்தான் பெருசு, மேல லேசா ரத்தக் கோடு வேற. அதுக்கப்புறம் ரெண்டு நாள் ஒண்ணுமில்ல, அப்புறம் அடுத்தடுத்து ரெண்டு நாள் முட்டை, அப்புறம் நாலு நாள் லீவு, ஒரு நாள் காலைல பாத்தா அது படுக்குற இடத்துல எச்சத்தோட எச்சமா ஓடே இல்லாம ஒரு தோல்முட்டை. தொட்டா பலூன் மாதிரி அமுங்குது. எனக்கு பயமாயிடுச்சு. ஒருத்தர் கால்சியம் மாத்திரைன்னாரு, இன்னொருத்தர் கண்ணு பட்டுருச்சுன்னாரு. அம்மாயி (அம்மாவோட அம்மா) மட்டும் சிரிச்சுட்டே, "வெடக்கோழிக்கு என்ன கணக்கு கண்ணு, அது இப்பத்தான் முட்டையிடவே படிக்குது"ன்னுச்சு.

சும்மா சமாதானம் சொல்லுதுன்னு நினைச்சேன், அப்புறம் உக்காந்து படிச்சுப் பாத்தா அம்மாயி சொன்னதுதான் சரி. கோழி உடம்புக்குள்ள ஒரு முட்டை தயாராக 24லருந்து 26 மணிநேரம் ஆகும், அதுல ஓடு கட்டறதுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 20 மணிநேரம். அப்ப இன்னிக்கு 7 மணிக்கு வெச்சா நாளைக்கு 8, அதுக்கடுத்த நாள் ஒன்பதரைன்னு தள்ளிப் போயிட்டே இருக்கும், அது மத்தியானத்தைத் தொட்டுச்சுன்னா அடுத்த மஞ்சக்கரு அன்னிக்கு எறங்காது, மறுநாள் லீவுதான். நல்லா பழகின கோழிக்கே இந்தக் கதை. வெடக்கோழிக்கு கரு எறங்குறதும் ஓடு கட்டறதும் இன்னும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாத நேரம், அதனால சில நாள் ரெண்டு கரு ஒண்ணா எறங்கி ரெட்டைக்கரு முட்டை வரும், சில நாள் கருவே இல்லாத குட்டி முட்டை, சில நாள் தோல்முட்டை. ஒண்ணு ரெண்டு மாசத்துல தன்னால ஒரு ஒழுங்குக்கு வந்துரும். நான் என்னடான்னா வருஷத்துக்கு 300 முட்டை போடுற நாமக்கல் பண்ணை வெள்ளைக்கோழியை மனசுல வெச்சுட்டு, 60, 80 போட்டாலே பெருசுங்கற நாட்டுக்கோழிகிட்ட தினமும் கணக்கு கேட்டுட்டு இருந்திருக்கேன்.

ஆனா என் பக்கமும் தப்பு இருந்துச்சு. ரேஷன் அரிசி, கம்பு, மிச்ச சோறு, இதுதான் தீனி. ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து போகுது, சோத்துல எங்க இருக்கு அது? கிளிஞ்சலை ஒடச்சு ஒரு கொட்டாங்குச்சில தனியா வெச்சேன், தேவைப்பட்டது மட்டும் கொத்திக்கும். தீனியில கலக்கக்கூடாது, முட்டைக்கு வராத குஞ்சுங்க அதைத் தின்னா கிட்னி கெட்டுப்போகும். கூடவே முருங்கைக்கீரையும் கருவாட்டுத்தூளும். அதுக்கப்புறம் தோல்முட்டை வரலை.

செவலை கதை வேற. கொண்டை செவந்து, முதுகைத் தொட்டா பம்மி உக்காருது, காலைல கேறிட்டே சுத்துது, முட்டைக்கு வந்த அடையாளம் எல்லாம் இருக்கு, ஆனா காலண்டர்ல மட்டும் முட்டை இல்ல. மூணு வாரம். அம்மாயிதான் பஞ்சாரத்துல, அதான் கோழியைக் கவுத்து அடைக்குற கூடையில, போட்டு கவுத்து, 9 மணிக்கு திறந்து விட்டு பின்னாடியே போய்ப் பாருன்னுச்சு. விறகு அடுக்குக்குப் பின்னாடி 12 முட்டை! தண்ணியில போட்டா 4 மிதந்துச்சு, தூக்கிப் போட்டுட்டோம். இப்ப முட்டையிட வெச்ச கூடைக்குள்ள எப்பவும் ஒரு முட்டையை எடுக்காம விட்டு வெக்கிறோம், அதைப் பாத்துதான் அதுவும் அங்கயே வந்து வெக்குது.

கார்த்திகை பொறந்ததும் மழை, மூட்டம், பகல் வேற பதினொன்றரை மணிநேரமா சுருங்கிப் போச்சு, மூணுக்கும் முட்டை கொறஞ்சுது. பல்பு போட்டு வெளிச்சத்தை 14 மணிநேரமாக்கலாம், பண்ணையில அப்படித்தான் பண்றாங்க. மூணு கோழிக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்.

இதுல புள்ளி அடைக்கு உக்காந்துருச்சு. கிட்ட போனா சிலிர்த்துட்டு கொத்த வருது. முதல்ல வெச்ச பொடி முட்டைங்க வேண்டாம்னு தள்ளிட்டு, அம்மாயி பெருசா பாத்து 9 முட்டை பொறுக்கி வெச்சுது. பக்கத்து வீட்டு சேவல் மதில் தாண்டி வந்து போறதால ஒரு நம்பிக்கை. நேத்து எட்டாவது நாள், ராத்திரி மொபைல் டார்ச் அடிச்சுப் பாத்தோம், 7 முட்டையில நரம்பு ஓடியிருக்கு. காலண்டர்ல 21வது நாளை வட்டம் போட்டு வெச்சிருக்கேன். கருப்பி இன்னிக்கும் லீவு.