உழவன் வீட்டில் ஒரு வேலைக்காரப் பெண்

விக்டோரியா காலத்து ஸ்காட்லாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைப் படித்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. வீடு வீடாகக் கொடுத்த படிவங்கள் இன்று இல்லை. கணக்கெடுப்பாளர் அவற்றைப் பார்த்துத் தன் கையால் எழுதிய ஏடுகள்தான் மிஞ்சியிருக்கின்றன.

தென்கிழக்கே, இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பெர்விக்‌ஷயர் பக்கங்கள் வரும்போது, குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள் என் மேசைக்கு வந்து விடுவார்கள். “அக்கா, இவர் பண்ணையில ஏர் ஓட்டுறவர். இவர் வீட்ல எப்படி வேலைக்காரி?”

நல்ல கேள்வி. 1861 ஏட்டில் இப்படிப்பட்ட குடும்பம் அடிக்கடி வரும்: 33 வயது உழவன், மனைவி, 9 வயதுப் பெண், இரண்டு பையன்கள், ஒரு கைக்குழந்தை. கடைசி வரியில், உறவில்லாத 18 வயதுப் பெண். ஜன்னலுள்ள அறைகளை எண்ணச் சொன்னது அந்தக் கணக்கெடுப்புதான். அந்தக் கட்டத்தில் ஒற்றை இலக்கம்: 1. ஆக, ஏழு பேருக்கும் ஒரே அறை.

அந்தப் பெண் வீட்டு வேலைக்கு வந்தவளல்ல. அங்கே உழவன் ஓராண்டு ஒப்பந்தத்தில் பண்ணைக்குப் போகும்போது, வயல் வேலைக்கு ஒரு பெண்ணையும் கூட்டி வர வேண்டும். பாண்டேஜர் என்பார்கள். மகள் வளர்ந்திருந்தால் மகள். இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருத்தியை அமர்த்தி, சாப்பாடும் படுக்கையும் கூலியும் அவனே கொடுக்க வேண்டும். அவள் டர்னிப் வயலில் களை கொத்திய நாளுக்குத்தான் பண்ணைக்காரர் கணக்கில் கூலி. வேலையில்லாத நாளில் அவள் சோற்றுச் செலவு உழவன் தலையில். இது அநியாயமான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கு மிகப் பிடித்தது பிறந்த ஊர் எழுதும் பத்தி. மூத்தவள் ஸ்விண்டன், அடுத்தவன் விட்சம், அதற்கடுத்தவன் ஹட்டன், கைக்குழந்தை எக்கிள்ஸ். எல்லாம் பக்கத்துப் பக்கத்துப் பாரிஷ்கள், அதாவது தேவாலய வட்டாரங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் மே கடைசியில் சாமான்களை வண்டியில் ஏற்றி அடுத்த பண்ணைக்குப் போன குடும்பத்தின் வழித்தடம், பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே கிடக்கிறது. 1861 கணக்கெடுப்பு நடந்தது ஏப்ரல் 7. அந்த ஏட்டில் இருக்கும் முகவரியில் சில வாரங்கள் கழித்துத் தேடினால், பல குடும்பங்கள் அங்கே இருந்திருக்காது. 1841 கணக்கெடுப்போ ஜூன் 6, இடம் மாறி முடிந்த பிறகு. இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

பத்தாண்டு தள்ளி 1871 ஏட்டில் இப்படியொரு குடும்பத்தைத் தேடிப் பிடித்தால், வெளிப்பெண் இருக்க மாட்டாள். மகளுக்கு இப்போது 19. அவள் பெயருக்கு நேரே ‘வயல் வேலை’ என்று எழுதியிருக்கும்.

தாயின் தொழில் கட்டத்தில் பெரும்பாலும் ‘உழவனின் மனைவி’, அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு வாடகையாக அறுவடைக் காலத்தில் பண்ணை வயலில் கூலியில்லாமல் கதிர் அறுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அவள்தான். அதை எழுத ஏட்டில் கட்டம் இல்லை. பெயரன் பேத்திகள் தங்கள் முன்னோரைத் தேடி வரும்போது, இவள் வேலை செய்யாதவள் என்று நினைத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தவிப்பாக இருக்கும்.