பினாங்கில் டீசல் பிக்கப்புக்கு ஹீட்டர் ரிப்பேர்: செய்து பார்த்த அனுபவம்

பினாங்கில் இருந்துகொண்டு வண்டி ஹீட்டரை ரிப்பேர் பண்ணுகிறேன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். பட்டர்வொர்த்தில் ஸ்பேர்பார்ட் கடை தௌகேயிடம் ஹீட்டர் ஹோஸ் கேட்டபோது மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "சினி மானா அடா செஜூக், பாஸ்?" என்றார், இங்கே எங்கே குளிர் என்று. நியாயமான கேள்விதான். ஆனால் டிசம்பரில் நண்பர்களோடு வட தாய்லாந்து வரைக்கும் வண்டியிலேயே போவதாக ஏற்பாடு. சியாங் மாய்க்கு இங்கிருந்து 1,800 கிலோமீட்டர் வாக்கில் வரும், அதற்கு மேல் டோய் இந்தானோன், 2,565 மீட்டர், தாய்லாந்திலேயே உயரமான மலை. டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் அங்கே புல்லில் உறைபனி படியும். அவ்வளவு தூரம் போவானேன், மழைக் காலத்தில் கேமரன் மலைக்குப் போனாலே என் வண்டியில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, ஒரு கையில் துணியும் ஒரு கையில் ஸ்டீயரிங்குமாக ஓட்ட வேண்டியிருக்கிறது.

வண்டி பழைய டபுள் கேப், 2.5 லிட்டர் டர்போ டீசல், மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. செகண்ட்ஹேண்டில் வாங்கியது. ஹீட்டர் லீவரை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஏர்கோன் காற்று அல்லது வெறும் காற்று, சூடு மட்டும் வராது.

பொனட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகரச் சுவரைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். கேபினுக்குள் போக வேண்டிய இரண்டு ஹீட்டர் குழாய்களும் மொட்டையாக நிற்கின்றன, எஞ்சினிலிருந்து வரும் சூட்டுத் தண்ணீரை ஒரு வளைந்த ஹோஸ் போட்டு அப்படியே எஞ்சினுக்குத் திருப்பி விட்டிருக்கிறார்கள். முன்னால் யாரோ ஒரு வொர்க்‌ஷாப்பில் செய்த வேலை. இந்த ஊரில் இது சகஜம், திட்டவும் முடியாது. ஹீட்டர் வால்வு சரியாக மூடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டுத் தண்ணீர் உள்ளே போனால், ஒரு பக்கம் ஏர்கோன் குளிரூட்டும், இன்னொரு பக்கம் ஹீட்டர் கோர் (கேபினுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) அந்தக் காற்றைச் சூடாக்கும். மத்தியான வெயிலில் ஜூரு டோல் பக்கம் ஜாமில் நிற்கிறவனுக்கு அது நரகம். கேஸ் நிரப்பிப் பார்த்து, கம்ப்ரஸர் மாற்றிப் பார்த்து, கடைசியில் யாராவது ஹீட்டரைத் துண்டித்துவிடுவார்கள். ஏர்கோன் ஜில்லென்று ஆகிவிடும், அத்தோடு விஷயம் முடிந்தது.

ஹோஸ் மாட்டுவதற்கு முன்னால் கோர் ஓட்டையா என்று பார்த்துக்கொள்வது முக்கியம், இல்லாவிட்டால் கூலன்ட் எல்லாம் பயணியின் காலடிக் கார்ப்பெட்டில்தான் கொட்டும். ஒரு குழாயை ரப்பர் அடைப்பான் வைத்து கிளாம்ப் போட்டு அடைத்து, இன்னொன்றில் மீட்டர் உள்ள சைக்கிள் பம்ப்பால் 1 பார் வரைக்கும் காற்று ஏற்றி வைத்தேன். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று போட்டிருக்கிறது, அதைவிடக் கொஞ்சம் கூட, போதும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் முள் இறங்கவில்லை. அப்புறம் தோட்ட ஹோஸை வைத்து எதிர்த்திசையில் தண்ணீர் விட்டேன், அதாவது வழக்கமாகத் தண்ணீர் வெளியேறும் குழாய் வழியாக உள்ளே. பைப்பைப் பாதிதான் திறக்க வேண்டும், முழுசாகத் திறந்தால் வயசான கோர் தாங்காது. மாமாக் கடை தே ஓ (பால் இல்லாத டீ) நிறத்தில் வந்தது. ரேடியேட்டரில் வருஷக்கணக்கில் வெறும் பைப் தண்ணீர் ஊற்றினால் இப்படித்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் ஆசிட் தூளைக் கரைத்து (கேக் சாமான் கடையில் கிடைக்கும்) கோருக்குள் ஊற்றி ஊறவிட்டு மறுபடி அலசினேன், தெளிந்த தண்ணீர் வரும் வரைக்கும்.

புது ஹோஸ், புது கிளாம்ப், புது ஹீட்டர் வால்வு. கேமரன் ஓட்டம். சிம்பாங் பூலாயில் திரும்பி மலையேறும்போது கொஞ்சம் வெதுவெதுப்பு வந்தது, ஏறி முடித்துச் சமதரையில் ஓடியதும் அதுவும் போயிற்று. கம்போங் ராஜாவில் வண்டியை நிறுத்தி வென்ட்டில் தெர்மாமீட்டர் வைத்தால் 31 டிகிரி.

இந்த இடத்தில்தான் பலரும் ஹீட்டரையே நோண்டிக்கொண்டு இருப்பார்கள். அதற்கு முன்னால் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டுப் பார்க்க வேண்டும், அல்லது இன்ஃப்ராரெட் கன்னால் அளக்க வேண்டும். ஒன்று கொதித்து மற்றது ஆறிக் கிடந்தால் கோரில் அடைப்பு, அல்லது வால்வு திறக்கவில்லை. இரண்டும் கொதித்தும் காற்று சூடாக இல்லை என்றால் உள்ளே காற்றைத் திருப்பிவிடும் கதவில் கோளாறு. இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் ஹீட்டர் மேல் குற்றமே இல்லை, எஞ்சினே சூடாகவில்லை. எனக்கு இரண்டும் ஐம்பது டிகிரிக்குப் பக்கம். (கன்னைக் கருப்பு ரப்பர் ஹோஸ் மேல்தான் காட்ட வேண்டும், பளபளக்கும் உலோகத்தில் காட்டினால் பொய் சொல்லும். உலோகத்தில்தான் அளக்க வேண்டும் என்றால் ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்கலாம்.)

டேஷ்போர்டில் முள் எப்போதும் நடுக்கோட்டுக்கு ரொம்பக் கீழேதான் நிற்கும். இதைக் காட்டித்தான் வண்டியை எனக்கு விற்றார்கள், "பாருங்க அண்ணே, எஞ்சின் எவ்வளவு கூலா ஓடுது" என்று.

தெர்மோஸ்டேட் (எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) இருக்கும் இடத்தின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒன்றும் இல்லை. கேஸ்கெட் மட்டும் நேர்த்தியாகப் போட்டிருந்தது.

எங்கள் தாமான் (குடியிருப்பு) பக்கம் இருக்கும் வயசான போமென் (மெக்கானிக்) ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் அசையவே இல்லை. "இந்த ஊருக்கு எதுக்கு தம்பி தெர்மோஸ்டேட்? குளிர் நாட்டுக்காரனுக்கு வேணும். நமக்கு கழட்டிப் போட்டா நல்லது" என்றார். நாற்பது வருஷம் இந்த வேலை பார்த்தவர், மரியாதை உண்டு, ஆனாலும் இதில் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தெர்மோஸ்டேட் என்பது வெளியே இருக்கும் குளிருக்காக வைத்தது இல்லை. எஞ்சின் அதன் வேலைச் சூட்டுக்கு வரும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை, என் எஞ்சினுக்கு அது 82 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும். அது இல்லாவிட்டால் தண்ணீர் ஸ்டார்ட் பண்ணிய நிமிஷத்திலிருந்தே ரேடியேட்டரைச் சுற்றுகிறது. பிளஸ் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில், வெளியே 31 டிகிரி வெயிலிலேயே, என் வண்டி ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (எஞ்சினிலிருந்து சூட்டுத் தண்ணீர் வரும் குழாய்) 64 டிகிரியைத் தாண்டவில்லை. எண்ணெய் சரியாகச் சூடாகாமல் ஈரமும் எரியாத டீசலும் அதில் தங்கும், சிலிண்டர் தேயும், டீசலும் கூடக் குடிக்கும். 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு ஒரேயடியாக 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியதே, அன்றைக்கே இதைக் கவனித்திருக்க வேண்டியவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, சில எஞ்சின்களில் தெர்மோஸ்டேட்டின் அடிப்பக்கத் தட்டு பைபாஸ் வழியை மூடும்படி செய்திருப்பார்கள். அதைக் கழற்றினால் கொஞ்சம் சூட்டுத் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும், ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும். கூலாக ஓட வேண்டும் என்று கழற்றியதுக்கு நேர் எதிரான பலன்.

டீசலுக்கு இது பெட்ரோலை விட ஏன் மோசம் என்பதும் எனக்கு இந்த வேலையில்தான் உறைத்தது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலேட்டரை விட்டால் திராட்டில் (காற்று போகும் வழியில் இருக்கும் கதவு) மூடிக்கொள்ளும், காற்று குறைவாகத்தான் உள்ளே போகும். என்னுடையது மாதிரி பழைய டீசலில் திராட்டில் கிடையாது. காற்று எப்போதும் முழுசாக உள்ளே போகும், டீசல்தான் கூடும் குறையும். சும்மா நிற்கும்போது ஒரு சொட்டு டீசலுக்கு ஏகப்பட்ட காற்று, அந்தக் காற்றே சூட்டை அள்ளிக்கொண்டு சைலன்சர் வழியாகப் போய்விடும். மலையிறக்கத்தில் இன்னும் வேடிக்கை. கியரில் இறங்கும்போது பம்ப் டீசலையே நிறுத்திவிடுகிறது, எஞ்சின் வெளியே இருக்கும் குளிர்காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் ஒரு விசிறியாக மட்டும் ஓடுகிறது. அதனால்தான் குளிர் நாட்டு டீசல் வண்டிகளில் மின்சார ஹீட்டரையோ, டீசலைத் தனியாக எரிக்கும் குட்டி ஹீட்டரையோ சேர்த்து வைக்கிறார்கள், லோரிக்காரர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை கட்டுகிறார்கள்.

புது தெர்மோஸ்டேட்டை மாட்டுவதற்கு முன் அடுப்பில் வைத்துப் பார்ப்பது நல்லது. சட்டித் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர். 82, 83 வாக்கில் வாய் திறக்க ஆரம்பித்து 95 இல் முழுசாகத் திறந்தது, ஆறியதும் ஒழுங்காக மூடிக்கொண்டது. வீட்டில் "அது என்ன குழம்பு" என்று கேட்டார்கள். மாட்டும்போது அதன் விளிம்பில் ஆடும் சின்ன ஊசி மேல் பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது உள்ளே மாட்டும் காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியேறும்.

காற்றை எடுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. வண்டியின் மூக்கு மேடு பக்கம் இருக்கும்படி நிறுத்தி, ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் பண்ணி, ஹோஸ்களைக் கையால் பிழிந்துகொண்டே இருக்க வேண்டும். குமிழ் வரும், மட்டம் இறங்கும், ஊற்ற வேண்டும், மறுபடி குமிழ். டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டால் இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். பைப் தண்ணீருக்குப் பதில் கூலன்ட்டும் வடிநீரும் பாதிக்குப் பாதி. எத்திலீன் கிளைக்கால் பாதி இருந்தால் மைனஸ் 37 வரைக்கும் உறையாது, டோய் இந்தானோனுக்கு அது தேவைக்கு மேலே, ஆனால் துருப்பிடிக்காமல் இருக்க எப்படியும் வேண்டும்.

கடைசியாகக் காற்றுக் கதவு. குளோவ் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால் கேபிள் கிளிப் நழுவி, லீவர் முழுசாகத் தள்ளினாலும் கதவு பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் நகர்ந்தது. கதவு விளிம்பில் இருந்த ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாகக் கொட்டுகிறது, வென்ட்டில் அவ்வப்போது கருப்புத் தூள் பறந்ததுக்கு அதுதான் காரணம். பழசைச் சுரண்டிவிட்டு, தண்ணீர் உறிஞ்சாத வகை ஃபோம் டேப்பை ஒட்டி, கேபிளை இழுத்துக் கிளிப்பில் பூட்டினேன். கை நுழையாத இடம், கெட்ட வார்த்தை தானாக வரும்.

மறுபடி கேமரன், இந்த முறை பிரிஞ்சாங் தாண்டி மேலே, விடிவதற்கு முன்னால். வெளியே 16 டிகிரி, தூறல். மேல் ஹோஸ் 84 இல் நின்றது, வென்ட்டில் 57. கூட வந்த மச்சான் ஜாக்கெட்டைக் கழற்றினான், கொஞ்ச நேரத்தில் "டேய் போதும்டா, ஏர்கோனைப் போடு" என்றான். போட்டேன், ஹீட்டரை நிறுத்தாமலே. கண்ணாடி தெளிய அதுதான் சரியான வழி. ஏர்கோன் காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து எடுக்கிறது, ஹீட்டர் அந்தக் காய்ந்த காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்புகிறது. வெளிக்காற்று உள்ளே வரும்படி லீவரை வைக்க வேண்டும், உள்காற்றையே சுற்றவிட்டால் நாலு பேர் மூச்சும் கண்ணாடியில்தான் போய் உட்காரும். துணிக்கு வேலையில்லாமல் போயிற்று.

தாப்பா பக்கம் இறங்கும்போது மட்டும் வென்ட் 57 இலிருந்து 44 க்கு வந்தது. தெர்மோஸ்டேட் மூடிக்கொண்டாலும் எஞ்சினில் எரிவதற்கு எதுவும் இல்லையே. அதோடு விசிறிக் கிளட்ச் (ரேடியேட்டர் விசிறியைத் தேவைப்படும்போது மட்டும் எஞ்சினோடு சேர்த்துச் சுற்றவிடும் பாகம்) மேல் எனக்குச் சந்தேகம், காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது விசிறியைக் கையால் சுற்றினால் லேசாகச் சுற்றாமல் இறுக்கமாக இருக்கிறது. இறுகிப் போன கிளட்ச் தேவையில்லாத நேரத்திலும் குளிர்காற்றை எஞ்சின் மேல் அடித்துக்கொண்டே இருக்கும். தாய்லாந்து போகும் முன் அதை மாற்ற வேண்டும். ரேடியேட்டரின் கீழ்ப்பாதிக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டையும் வெட்டி வைத்திருக்கிறேன், ஹாட்யாய் தாண்டி வடக்கே போன பிறகுதான் மாட்டுவேன். அட்டையை இங்கேயே மாட்டிவிட்டுப் பினாங்குப் பாலத்தில் ஜாமில் நின்றால் எஞ்சின் கொதித்துவிடும்.