40 கேலன் தண்ணீரில் நாலரை நாள்: டிரெய்லர் நோட்டிலிருந்து

2023 அக்டோபரில், உள்ளேயே தங்கிச் சமைத்துக்கொள்ளும் வசதியுள்ள ஒரு டிரெய்லர் வாங்கினோம். 2016 மாடல், செகண்ட் ஹேண்ட், 22 அடி நீளம். பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வகை. ஆஸ்டினில் வீட்டு வாசலில் நிறுத்த இடமில்லை என்பதால் மாத வாடகைக்கு ஒரு ஸ்டோரேஜில் நிற்கிறது. இந்தப் பதினெட்டு மாதத்தில் ஒன்பது பயணம் போய்வந்திருக்கிறோம். எத்தனை கேலன் செலவானது, எது உடைந்தது, எது கைகொடுத்தது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். ஆர்.வி. (இப்படி வீட்டு வசதியுள்ள பயண வண்டி) வாங்க யோசிக்கிற நம்மவர்கள் சிலர் கேட்டார்கள் என்பதால் அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

வாங்கும்போது என் கவனமெல்லாம் கட்டில், ஏசி, ஜன்னல் மீதுதான் இருந்தது. பார்த்திருக்க வேண்டியது தொட்டிகளை. எங்கள் வண்டியில் மூன்று தொட்டி. நல்ல தண்ணீருக்கு 40 கேலன், அதாவது 151 லிட்டர். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் கிரே டேங்க் 30 கேலன். கழிவறைக்குக் கீழே பிளாக் டேங்க், அதுவும் 30. ஒரு பயணம் எத்தனை நாள் ஓடும் என்பதை முடிவு செய்வது இந்த மூன்று எண்கள்தான்.

முதல் பெரிய பயணம் 2024 ஜனவரியில், டெக்சாஸின் மேற்கில் உள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு. ரியோ கிராண்டே ஆற்றுக்கு அக்கரையில் மெக்சிகோ. கிளம்பும் முன்பு வீட்டிலேயே தொட்டியை முழுசாக நிரப்பினேன். 25 பவுண்டு அரிசி மூட்டை, வெட் கிரைண்டர், கருவிப் பெட்டி எல்லாவற்றையும் பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் ஏற்றினேன். ஃபோர்ட் ஸ்டாக்டன் பக்கம் ஐ-10 சாலையில் ஒரு பெரிய லாரி எங்களை முந்தியது. அந்தக் காற்றில் டிரெய்லர் முதலில் லேசாக அசைந்து, பிறகு நாய் வாலைப் போல இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கியது. பிக்கப்பின் பின்பக்கத்தையே பிடித்து உலுக்கியது. என் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, என்னங்க" என்றாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. காலால் பிரேக்கை மிதிக்கக் கூடாது என்று படித்திருந்தது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் லீவரை மெல்ல அழுத்தினேன். வண்டி நேரானது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, அரை மணி நேரம் சும்மா நின்றோம்.

காரணம் எடைமேடையில் தெரிந்தது. லாரிகள் நிற்கிற டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்று ஓர் எடைமேடை இருக்கும். பிக்கப்பை மட்டும் ஒரு தடவை, டிரெய்லரை மாட்டி ஒரு தடவை எடை போட்டால், டிரெய்லரை வண்டியோடு மாட்டுகிற ஹிட்ச் மீது எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று கணக்கிடலாம். டிரெய்லர் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மீது இருக்க வேண்டும். எங்களுடையது 5,200 பவுண்டு. ஹிட்ச்சில் இருந்தது 440, எட்டரை சதவீதம்தான். எங்கள் நல்ல தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 40 கேலன் 330 பவுண்டுக்கு மேல். அத்தனையும் பின்னால் உட்கார்ந்து முன்பக்கத்தைத் தூக்கிவிட்டது, போதாததற்கு அரிசியும் கிரைண்டரும். அரிசி, கருவிகள் எல்லாம் முன்னால் போனதும் ஹிட்ச் எடை 640 ஆனது. இப்போது நெடுஞ்சாலையில் 10 கேலன் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம், மிச்சத்தை முகாமுக்குப் போய் நிரப்புகிறோம். வேகம் 62 மைலுக்கு மேல் போவதில்லை. மேற்கு டெக்சாஸில் 80 வரை அனுமதி உண்டு, ஆனால் டிரெய்லர் டயர்களில் பல 65 மைலுக்குச் செய்தவை. டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். அதில் முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில் நான் குடும்பத்தை ஏற்ற மாட்டேன்.

அந்தப் பயணத்தில் நாங்கள் தங்கியது ரியோ கிராண்டே வில்லேஜ் முகாமில். மின் இணைப்பு, குழாய், சாக்கடை மூன்றும் உள்ள 25 இடங்கள் தனியாக உண்டு. அங்கே இடம் கிடைக்கவில்லை, இணைப்பு எதுவும் இல்லாத பெரிய முகாமில்தான் நின்றோம். இரண்டே நாளில் தண்ணீர் தீர்ந்தது. அதற்கு முன்பே இன்னொன்று நடந்தது. இரண்டாம் நாள் இரவு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது குளியலறைத் தரையிலிருந்து குபுகுபுவென்று சத்தம். போய்ப் பார்த்தால், ஷவர் தட்டில் சாம்பல் நிறத்தில் சோப்புத் தண்ணீர் மேலேறி நிற்கிறது. அதன் மேல் தாளித்த கடுகும் ஒரு கறிவேப்பிலையும் மிதக்கின்றன. கிரே டேங்க் நிரம்பினால் தண்ணீர் வெளியேறும் வழி அதுதான். வண்டியிலேயே தாழ்வான வடிகால் ஷவர்தான். அந்தத் தண்ணீரை வெளியே மண்ணில் கொட்டவும் கூடாது. காலையில், கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

நோட்டில் அன்று எழுதியது: "2 பேர், 2 நாள், 151 லிட்டர்." ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 லிட்டர்.

ஒரு வருடம் கழித்து அதே முகாமுக்கு அம்மாவையும் அழைத்துப் போனோம். அம்மா கோவில்பட்டிப் பக்கம் வாழ்ந்தவள். எங்கள் தெருக்குழாயில் வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் வந்த காலத்தில் அஞ்சு பேரை வைத்துக் குடும்பம் நடத்தியவள். முதல் நாள் காலை மனைவி சிங்க் குழாயைத் திறந்து வைத்துத் தட்டுக் கழுவினாள். அம்மா பின்னால் வந்து குழாயை மூடினாள்.

"தாயி, இந்தத் தண்ணி எங்கன இருந்து வருது?"

"கீழே ஒரு தொட்டி இருக்கு அத்தை."

"தொட்டில எத்தனை கொடம் புடிக்கும்?"

நான் கணக்குப் போட்டு, பத்துக் குடம் இருக்கும் என்றேன். "பத்துக் கொடத்த வச்சுக்கிட்டா கொழாயத் தெறந்து விடுதிய? ஏய்யா, ஒரு வாளி எடு" என்றாள். அன்றிலிருந்து அடுக்களை அம்மா கைக்குப் போனது.

அவள் செய்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எந்த ஆர்.வி. காணொளியிலும் இவ்வளவு சிக்கனமான முறையை நான் பார்த்ததில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவும் முன் பேப்பரால் வழித்துவிட வேண்டும், எண்ணெயோ பருப்போ சிங்கில் இறங்கவே கூடாது. கிரே டேங்க் நாற்றத்துக்கு முக்கால்வாசிக் காரணம் நம் சாம்பார்தான் என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது. சிங்குக்குள் ஒரு வாளி. அரிசி களைந்த தண்ணீர் அதில் விழும், அதில்தான் பாத்திரங்களின் முதல் அலசல். இரண்டாவது அலசலுக்கு மட்டும் சொம்பில் நல்ல தண்ணீர். பிறகு அந்த வாளித் தண்ணீர் கழிவறைக்கு. பிளாக் டேங்குக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், கிரே டேங்கில் இடம் மிச்சமாக வேண்டும், நல்ல தண்ணீரும் குறையக் கூடாது. ஒரே வாளி மூன்றையும் சரிசெய்தது. குளியலுக்கு ஷவர் வேண்டாம் என்றாள். அடுப்பில் காய்ச்சிய தண்ணீர், அஞ்சு லிட்டர் வாளி, ஒரு சொம்பு. ஷவரில் சூடு வரும்வரை வீணாகும் தண்ணீரே இரண்டு லிட்டருக்கு மேல்.

கணக்கு இது. மூன்று பேர் குளிக்க ஒரு நாளைக்கு 15 லிட்டர், சமைக்கவும் குடிக்கவும் 8, பாத்திரத்துக்கு 6, கழிவறைக்கும் கைகழுவவும் நாலரை. மொத்தம் 33.5. நிரம்பிய தொட்டி நாலரை நாள் வந்தது. யாரும் அழுக்காக இருக்கவில்லை.

பிளாக் டேங்க் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும், ஏனென்றால் பலர் இதற்குப் பயந்துதான் ஆர்.வி.யே வேண்டாம் என்கிறார்கள். நம் வழக்கப்படி தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்களுக்கு இதில் கஷ்டம் குறைவு. தொட்டியில் காகிதம் சேராது. நான் செய்த தப்பு வேறு. சாக்கடை இணைப்பு இருந்த ஒரு முகாமில், மூன்றாவது பயணத்தில், பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே விட்டுவிட்டேன். நீரெல்லாம் வடிந்துவிட, கெட்டியானது மட்டும் குழாய்க்கு நேர் கீழே கூம்பாகக் குவிந்து காய்ந்து போனது. மூன்று தடவை தொட்டியை நிரப்பி, வண்டியை ஓட்டிக் குலுக்கி, ஊறவைத்துத் திறந்த பிறகுதான் கரைந்தது. இணைப்பு இருந்தாலும் வால்வு மூடியே இருக்கட்டும். முக்கால் தொட்டி நிரம்பியதும் மொத்தமாகத் திறக்க வேண்டும். பிளாக் முதலில், கிரே பிறகு, அப்போது சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கையுறை கட்டாயம். குடிதண்ணீர்க் குழாயை அந்த இடத்தில் கையில் எடுக்கவே கூடாது, அலசுவதற்கு வேறு நிறத்தில் தனிக் குழாய் வைத்திருக்கிறோம்.

மின்சாரத்தில் நான் பயந்தது மிக்ஸிக்கு, மோசம் செய்தது ஹீட்டர். 550 வாட் மிக்ஸி இன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 50 ஆம்ப் இழுக்கும். ஆனால் தேங்காய்ச் சட்னிக்கு மூன்று நிமிடம் போதும், செலவு இரண்டரை ஆம்ப்-ஹவர் (ஒரு ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்ப்-ஹவர்). புரோபேன் ஹீட்டரின் காற்றாடி 7 ஆம்ப்தான், ஆனால் குளிர் இரவில் விட்டுவிட்டு நாலு மணி நேரம் ஓடினால் 28 ஆம்ப்-ஹவர். எங்கள் பழைய 100 ஆம்ப்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். விடியற்காலை மூன்றரைக்கு ஹீட்டர் நின்று, அம்மா சால்வைக்குள் சுருண்டு கிடந்ததைப் பார்த்த பிறகு லித்தியம் பேட்டரிக்கு மாறினேன். அதை வண்டிக்கு உள்ளே, கட்டிலுக்கு அடியில் வைத்தேன், ஏனென்றால் உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது.

இணைப்பு உள்ள முகாமில் வேறு கணக்கு. அமெரிக்காவின் 120 வோல்ட்டில் 30 ஆம்ப் என்றால் 3,600 வாட். ஏசி, மின்சார வாட்டர் ஹீட்டர், ரைஸ் குக்கர் மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். சோறு வைக்கும்போது வாட்டர் ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிடுகிறோம்.

தாளிப்பு வெளியேதான். மிளகாய் வற்றல் ஒன்று கருகினால் போதும், புகை அலாரம் முகாமையே எழுப்பும். வெளியில் மேசை மீது சின்ன கேஸ் அடுப்பு, வேலை முடிந்ததும் எல்லாம் உள்ளே. ஹவலினா என்கிற காட்டுப்பன்றி போன்ற விலங்குகள் வாசனைக்கு வந்துவிடும். புகை அலாரம் கத்துகிறதென்று அதைக் கழற்றி வைக்காதீர்கள். தரையோரம் உள்ள கேஸ் அலாரத்தில் காலாவதித் தேதி இருக்கும், எங்களுடையது வாங்கும்போதே முடிந்திருந்தது. இருபது நிமிட வேலை, மாற்றிவிட்டேன்.

இந்தக் குளிர்காலத்தில் உடைந்தது ஒன்று. தண்ணீரை வடித்து எல்லாக் குழாய்களுக்கும் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் திரவம் ஏற்றினேன், பக்கவாட்டுக் கதவுக்குள் இருக்கும் வெளி ஷவரை மட்டும் மறந்துவிட்டேன். அந்த ஒரு குழாய் உறைந்து வெடித்தது. உதிரிப் பாகம் 38 டாலர், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

நவம்பரில் அம்மா மறுபடி வருகிறாள். அதே பூங்காவில் காட்டன்வுட் முகாமுக்குப் போகத் திட்டம். அங்கே ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது, டம்ப் ஸ்டேஷனும் கிடையாது. ஆறு நாள் தாங்குவதென்றால் ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குள் வர வேண்டும். குளியலை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வைத்தால் 26 வருகிறது. மிச்சம் ஒரு லிட்டரை எதில் பிடிப்பது என்று போனில் அம்மாவிடம் கேட்டேன். "நான் வந்து பாத்துக்கிடுதேன். வாளி ரெண்டா வாங்கி வையி" என்றாள்.