செகண்ட் ஹேண்ட் டர்போ காரின் மைலேஜ்: இதுவரை செய்து பார்த்தவை

வேகமான கார் என்றாலே பெட்ரோல் குடிக்கத்தான் செய்யும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டர்போ எஞ்சின் மிதித்தால் குடிக்கும், சரி. மிதிக்காதபோதும் குடிக்கிறது என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது. நான் வாங்கியது 1.6 லிட்டர் டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல் ஹாட்ச்பேக். முன்பு வைத்திருந்தவர் ஆசை ஆசையாக மாற்றங்கள் செய்திருந்தார்: பெரிய அலாய் வீல், தாழ்த்திய ஸ்பிரிங், பானெட்டுக்குள் திறந்தபடி இருக்கும் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் (கோன் ஃபில்டர்). கைக்கு வந்தபோது நிதானமாக ஓட்டியும் லிட்டருக்கு 9.8 கிலோமீட்டர்தான் கிடைத்தது. ஓட்டும் சுகத்தில் கை வைக்காமல் இதை எவ்வளவு தூரம் ஏற்றலாம் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

எதையும் கழற்றும் முன் சரியாக அளக்க வேண்டும். டேஷ்போர்டு காட்டும் சராசரியை நான் கணக்கில் எடுப்பதில்லை. எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை வைத்துப் போடும் கணக்கு அது, பல கார்களில் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். டேங்க் ஃபுல் செய்து, ஓட்டி, மறுபடி ஃபுல் செய்து, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பதுதான் நம்பகமான வழி. பம்ப் தானாக முதல் தடவை நிற்கும் இடத்தோடு விட்டுவிட வேண்டும். அப்படியும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும் என்பதால், தொடர்ந்து பல டேங்க்குகளைச் சேர்த்துப் பார்த்த பிறகே ஒரு மாற்றம் பலன் தந்ததா என்று முடிவு செய்கிறேன்.

அளக்கும்போதே ஒரு விஷயம் பிடிபட்டது. ஓட்டுநர் கதவருகே இருக்கும் ஸ்டிக்கர் 195/55 ஆர்16 டயர் என்கிறது: 195 மில்லிமீட்டர் அகலம், அதில் 55 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 16 அங்குல ரிம். காரில் மாட்டியிருந்ததோ 205/40 ஆர்17. ரிம் பெரிதானாலும் டயரின் பக்கச் சுவர் உயரம் குறைந்துவிட்டது. கணக்குப் போட்டால் முதல் டயரின் விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 596. விட்டம் குறைந்த டயர் ஒரு கிலோமீட்டருக்கு அதிகமாகச் சுற்றும். ஓடோமீட்டர் எண்ணுவது சுற்றைத்தான். அதாவது மீட்டர் 100 கிலோமீட்டர் என்று காட்டும்போது கார் உண்மையில் 96 தான் ஓடியிருக்கும். ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டேன், கிட்டத்தட்ட அதே வித்தியாசம். ஆக, 9.8 என்பது உண்மையில் 9.4. அதோடு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எஞ்சினும் 4 சதவீதம் கூடுதலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. டயர் அளவு மாறிய காரில் யாராவது மைலேஜ் சொன்னால் முதலில் இந்தக் கணக்கைத்தான் கேட்பேன்.

அடுத்து, காரின் கம்ப்யூட்டரில் உள்ள சென்சார் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர். புளூடூத்தில் போனோடு இணையும் சின்னக் கருவி போதும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடிய பிறகும் கூலன்ட் 72 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. இறக்கத்தில் இன்னும் கீழே போனது. டேஷ்போர்டின் வெப்பநிலை முள் மட்டும் நடுவில் அசையாமல் நின்றது. பல கார்களில் அந்த முள் ஒரு பெரிய வெப்ப இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள், அதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தேன். உடம்பில் 88 என்று பொறித்திருக்கிறது, அந்தச் சூட்டில்தான் திறக்கத் தொடங்க வேண்டும். ஆனால் கையில் குளிர்ந்து கிடக்கும்போதே வால்வுக்கும் அது மூடி உட்கார வேண்டிய விளிம்புக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி. ரப்பர் விளிம்பில் பழைய கேஸ்கெட் பசையின் துணுக்கு ஒட்டியிருந்தது, ஸ்பிரிங்கும் சோர்ந்துபோயிருந்தது. வெந்நீரில் போட்டுப் பார்த்தபோது, மாற்றுவதற்கு வாங்கிய புதியது 88ஐ ஒட்டி மெதுவாகத் திறந்தது, பழையதில் பெரிய அசைவே இல்லை. புதியதை மாட்டினேன். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராதவரை கம்ப்யூட்டர் பெட்ரோலைச் சற்றுக் கூடுதலாகவே விடும், ஆயிலும் கெட்டியாக இருந்து உராய்வைக் கூட்டும். இந்தக் காரில் மலிவாக முடிந்து அதிகப் பலன் தந்த வேலை இதுதான்.

ஸ்கேனர் காட்டிய இன்னொன்று, லாங் டெர்ம் ஃபியூவல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் தன் அடிப்படைக் கணக்கைவிடப் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்ற அளவு. அது +11 சதவீதத்தில் நின்றது. ஒற்றை இலக்கத்துக்குள், அதுவும் 5க்குள் இருந்தால் நிம்மதி. +11 என்றால், உள்ளே வரும் காற்றைச் சென்சார் குறைத்துச் சொல்கிறது, கம்ப்யூட்டர் அதை ஈடுகட்ட பெட்ரோலைச் சேர்த்துக்கொண்டே போகிறது என்று ஒரு அர்த்தம். சேர்ப்பதால் மட்டும் மைலேஜ் கெடாது, 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற விகிதத்துக்குத்தான் அது கொண்டுவருகிறது. ஆனால் எஞ்சின் எவ்வளவு சுமையில் ஓடுகிறது என்ற கணக்கே தப்பாகிவிடுவதால் ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம் (இக்னிஷன் டைமிங்) தடுமாறும். வேக்யூம் ஹோஸ் எங்கும் கசியவில்லை. கோன் ஃபில்டர் எண்ணெய் தடவிய பருத்தி வகை, அந்த எண்ணெய் சென்சாரில் படிந்திருக்கலாம் என்பதால் சந்தேகம் அங்கே போனது. உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரை வெளியே எடுத்து டார்ச் அடித்தேன். மயிரிழை போன்ற கம்பியில் பழுப்பாக ஒரு படலம். அதற்கென்றே வரும் ஸ்ப்ரேயை அடித்து, தொடாமல் உலரவிட்டு, பழைய ஏர் பாக்ஸையும் காகித ஃபில்டரையும் திரும்ப மாட்டினேன். ட்ரிம் இறங்கி இப்போது 3ஐ ஒட்டி நிற்கிறது.

ஏர் ஃபில்டர் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் போய்விடும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட சோதனையில், இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைபட்ட ஃபில்டரால் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை, பிக்கப்தான் குறைந்தது. எனக்குக் கிடைத்த பலன் சென்சார் சுத்தமானதால் வந்தது.

ஸ்பார்க் பிளக் நான்கும் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தன, மாற்றியாயிற்று. முன்பு ஊற்றியிருந்த கெட்டியான 10டபிள்யூ-60 ரேஸ் ஆயிலை வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன, அதைவிட இளகிய 5டபிள்யூ-30க்கு வந்தேன்.

பிரேக் வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி வந்து நிறுத்தி, நான்கு ரிம் பக்கமும் கையைக் கொண்டுபோனேன். பின்பக்க இடது ரிம் மட்டும் அனலடித்தது. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுச் சுற்றினால், வலது சக்கரம் சில சுற்று சுற்றி ஓய்ந்தது, இடது அரைச் சுற்றிலேயே நின்றது. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னை மூடும் ரப்பர் கிழிந்து, தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருந்தது. சுத்தம் செய்து, புது ரப்பர் போட்டு, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவியதும் விரலால் தள்ளினாலே பின் வழுக்கிக்கொண்டு போனது. எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் இந்தக் கார் பிரேக்கைப் பிடித்தபடியே ஓடியதோ.

தாழ்த்திய ஸ்பிரிங்கை எடுக்கவில்லை. திருப்பங்களில் அது தரும் பிடிப்பு எனக்கு வேண்டும். ஆனால் தாழ்த்தியவர் அலைன்மென்ட் செய்யாமல் விட்டிருந்தார், சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணத்தை (டோ) சரிசெய்தேன். டயரும் பழையபடி 16 அங்குலத்துக்கு வந்தாயிற்று. ஸ்டிக்கரில் உள்ள காற்றை, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து வைக்கிறேன். மைலேஜ் கூடும் என்று விற்கும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை வகையறா பக்கம் நான் போகவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்படிப்பட்ட 100க்கும் மேற்பட்ட பொருட்களைச் சோதித்திருக்கிறது. தேறியவை மிகச் சொற்பம், தேறியவற்றின் பலனும் சொற்பம்.

அப்புறம் ஓட்டும் விதம். முன்னவர் வைத்துவிட்டுப் போனவற்றில் உருப்படியானது, டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் திணிக்கிறது என்று காட்டும் பூஸ்ட் மீட்டர். முள் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்வரை இது சாதாரண 1.6 லிட்டர் எஞ்சின். மேலே ஏற ஏற பெட்ரோலும் ஏறும், நன்றாக அழுத்தினால் எஞ்சினைக் காக்க கலவையில் பெட்ரோலின் பங்கும் கூடும். அதற்காகப் பூப்போல மிதித்துக் கீழ் கியரில் இழுத்துக்கொண்டு போவதும் சரியல்ல. அப்போது எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் உள்ள த்ராட்டில் வால்வு பாதி மூடியிருக்க, காற்றை உறிஞ்சவே எஞ்சின் சக்தியைச் செலவழிக்கும். சீக்கிரமே மேல் கியருக்கு வந்து 2000 ஆர்பிஎம் பக்கம் ஓரளவு உறுதியாக மிதிப்பதுதான் இந்தக் காருக்கு ஒத்துவருகிறது. 1500க்குக் கீழே அழுத்தி மிதிப்பதில்லை, அது டர்போ எஞ்சினுக்கு நல்லதல்ல. சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தால் காலை எடுத்துவிட்டு கியரிலேயே விடுகிறேன். சக்கரம் எஞ்சினைச் சுற்றுவதால் இன்ஜெக்டர் முழுவதும் மூடிக்கொள்ளும், ஸ்கேனரில் பெட்ரோல் அளவு பூஜ்யம் காட்டும். நியூட்ரலில் போட்டால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போகும், கார் கட்டுப்பாடும் குறையும். நெடுஞ்சாலையில் 120க்குப் பதில் 100. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் 120இல் அது 44 சதவீதம் அதிகம்.

இப்போது நிற்கும் இடம்: எல்லாம் கலந்த ஓட்டத்தில் உண்மையான 12.6. 100 கிலோமீட்டருக்கு 10.6 லிட்டர் குடித்தது 7.9க்கு வந்திருக்கிறது. மலைச் சாலையில் ஆசை தீர ஓட்டிய டேங்க்குகள் இதில் சேராது, அவற்றைத் தனியாகக் குறிக்கிறேன், குறைக்கும் எண்ணமும் இல்லை. அடுத்தது, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் முன் ஆக்ஸிஜன் சென்சார். காரோடு வந்த பழைய சென்சாரே இன்னும் இருக்கிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போது ஸ்கேனரில் அதன் கோடு சற்றுத் தாமதமாகவே ஏறி இறங்குகிறது. புதியது மாட்டி, முன்போலவே பல டேங்க் ஓட்டிவிட்டு எண்களோடு எழுதுகிறேன்.